அவிட்டத்துக்கு முந்தின நாள்

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், வீடு கூட்டியே ரெண்டு நாளாச்சு. தணிகாசலம் நான்தான். போன்ல பேசினது நீங்கதானே? குரலை வெச்சு வயசானவங்கன்னு நெனச்சேன். உக்காருங்க. ஃபேன் போடறேன்.

பையை டீபாய் மேல வைங்க. கீழ வேணாம். கீழ வெக்கக் கூடாதுன்னு ஒண்ணும் கிடையாது, இருந்தாலும் வேணாம்.

பிரிக்காதீங்க, பிரிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். எங்க வீட்டுக்காரம்மா ஊர்ல இல்ல. குடியாத்தத்துல பொண்ணைக் குடுத்திருக்கோம், அங்க போயிருக்கா. அவ வந்துதான் பிரிக்கணும். அதனாலதான் நீங்க சாம்பலை வாங்கிக்கோங்க, சாம்பலை வாங்கிக்கோங்கன்னு போன் பண்றப்பல்லாம் அப்புறம் பார்க்கலாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கம்பெனிக்கும் அதை வெச்சுக்கிட்டு இருக்கறது கஷ்டம்தான். இன்னிக்கு நீங்களே நேர்ல வரேன்னு சொன்னதும் சரி, வரட்டும்னு விட்டுட்டேன்.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, முதல்ல தண்ணி குடிங்க. திருமழிசையில இருந்து அம்பத்தூர் பக்கம்தான், ஆனா இந்த வெயில்ல வண்டி ஓட்டிட்டு வர்றது சும்மாவா.

துரைன்னு பேர் வெச்சது அவதான். அம்சவேணி, என் சம்சாரம். ஒரு ஐப்பசி மழையில கேட்டுக்குள்ள புகுந்து, வரவேற்பு ஏதாவது உண்டாங்கற மாதிரி வாசப்படியில நின்னான். தம்மாத்துண்டு. "பாருங்க, துரை வந்திருக்காரு"ன்னா. அதுவே பேராயிடுச்சு. ஜாதி நாயெல்லாம் இல்ல. அம்மா தெருவுல இருந்தவ, அப்பன் யாரோ பெரிய பங்களாக்காரன்னு நாய் டாக்டர் கிண்டல் பண்ணுவாரு. காது மட்டும் அந்தப் பங்களா காது.

எங்களுக்கு ஒரே பொண்ணு, அபிநயா. அவ காலேஜ் சேர்ந்த வருஷம் இவன் வந்தான். அபி கல்யாணமாகிப் போனப்புறம் வீட்ல குரல்னு கேட்டா அது இவன்தான். அம்சா யார் கேட்டாலும் "என் பையன்"னுதான் சொல்லுவா. காஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர்கிட்ட கூட, "பையன் ஒண்ணும் பண்ண மாட்டான், வாங்க"ன்னுவா. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பையன்னு சொன்னது அவ. நான் சொல்லல.

கிட்னி போயிடுச்சு. தண்ணி தண்ணியா குடிப்பான், அப்படியே வாந்தி எடுப்பான். அப்புறம் பின்னங்கால் ரெண்டும் விழுந்துடுச்சு. அவ தன்னோட நூல் புடவையை நாலா மடிச்சு கீழ போட்டு, இதோ இந்த ஃபேனுக்கு நேரா படுக்க வெச்சா. கஞ்சியை வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில எடுத்து, கடைவாயில சொட்டு சொட்டா விடுவா. பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குவா. அவளுக்கு முட்டி வலி வேற, தரையில உக்காந்தா எந்திரிக்க ஒருத்தர் கை குடுக்கணும். நான்தான் குடுப்பேன்.

டாக்டர் ஜோயல் வீட்டுக்கே வந்து பார்த்தாரு. நல்ல மனுஷன், வளவளன்னு பேச மாட்டாரு. இனிமே வைத்தியம் பண்றது அவனை வதைக்கிறதுதான்னு சொல்லிட்டாரு. "தூக்கிட்டு வர வேணாம். நானே வந்து, அவன் படுத்திருக்கற எடத்துலயே செய்யறேன். ஒரு ஊசி போட்டா அசந்து தூங்கிடுவான். தூங்கினப்புறம் இன்னொண்ணு. வலி தெரியாது. ஒண்ணே ஒண்ணு, அவனுக்குத் தெரிஞ்ச கை அவன் மேல இருக்கணும். தெரிஞ்ச குரல் காதுல விழணும். இந்த வாரத்துக்குள்ள ஒரு நாள் பார்த்து சொல்லுங்க"ன்னாரு.

நாள் பார்த்து சொல்லுங்கன்னு அவர்தாம்மா சொன்னாரு.

சாவுன்னா அதுவா வரும். வந்துட்டா, நல்ல நாளோ கெட்ட நாளோ, நம்ம கையில இல்லன்னு விட்டுடலாம். இது நம்ம கையில குடுத்துட்டாங்க. கையில குடுத்தப்புறம் காலண்டரைப் பார்க்காம எப்படி இருக்கறது? நீங்களே சொல்லுங்க.

எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா நான் வேலை பார்த்தது பத்திரப் பதிவு ஆபீஸ். ராகு காலம் வந்தா ஒரு ஜனம் இருக்காது, நாங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். முடிஞ்ச நிமிஷம் திபுதிபுன்னு வருவாங்க. மூணு மதத்துக்காரங்களும் வருவாங்க. டோக்கனை மாத்திக் குடுங்கன்னு கெஞ்சுவாங்க. சர்வீஸ் பூராவும் அதையே பார்த்தவனுக்கு நம்பிக்கை இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? எந்தத் தேதி சொன்னாலும் அன்னிக்கு என்ன நட்சத்திரம்னு கண்ணு தானா போய் நிக்கும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அபிக்கு வளைகாப்பு, குடியாத்தத்துல, அவ மாமியார் வீட்ல. அம்மாக்காரி போகாம முடியாது. அவ போகவே மாட்டேன்னா. துரையை விட்டுட்டு எப்படிப் போவேன்னா. நான்தான் சொன்னேன், நான் இருக்கேன், நீ போய்ட்டு வா, ஞாயித்துக்கிழமை கையோட பொண்ணைக் கூட்டிட்டு வான்னு. வெள்ளி, சனி பொண்ணை அனுப்ப மாட்டாங்க இல்லியா, அதனால ஞாயிறு. முதல் பிரசவம், நம்ம வீட்லதானே பார்க்கணும். அபிக்கு அந்த உள் ரூமை ஒழிச்சு, புது மெத்தை எல்லாம் போட்டு வெச்சிருந்தோம்.

போறப்போ அவ தரையில உக்காந்து அவன் காதுகிட்ட, "அக்காவைக் கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இரு. நான் வந்தப்புறம் என் மடியில படுத்துக்கிட்டுப் போ"ன்னு சொன்னா. அவன் கேட்டுக்கிட்டான். கண்ணை மூடாம கேட்டான். நான் கை குடுத்து அவளை எழுப்பி விட்டேன். பஸ் ஏத்திவிட்டுட்டு வந்தேன்.

டாக்டர்கிட்ட ஞாயித்துக்கிழமை சாயந்தரம்னு அவளே சொல்லி வெச்சிருந்தா.

இல்லம்மா, இருங்க, சொல்லி முடிச்சுடறேன். நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும், கையெழுத்து போடணும், அதானே. போடறேன்.

வியாழக்கிழமை காலையில தேதி கிழிக்கிறப்போதான் பார்த்தேன். வெள்ளி திருவோணம். சனி அவிட்டம். ஞாயிறு சதயம். உங்களுக்கு அடைப்பு தெரியுமா? சின்ன வயசு, தெரிஞ்சிருக்காது. அவிட்டத்துல பாதியில ஆரம்பிச்சு ரேவதி வரைக்கும் அஞ்சு நட்சத்திரம். அதுல ஒரு உயிர் போச்சுன்னா வீடு அடைப்பு. உயிர் போன எடத்தை ஆறு மாசம் பூட்டி வெக்கணும். நல்லது எதுவும் வீட்ல வெச்சுக்கக் கூடாது. எங்க பெரியப்பா அப்படித்தான் போய், முன் ரூமை அடைச்சுப் போட்டு, அந்தக் குடும்பமே பின் வாசல் வழியா நடந்துச்சு. ஹால்ல உயிர் போனா ஹாலைப் பூட்டணும். ஹாலைப் பூட்டிட்டு வயித்துப் பிள்ளைக்காரி எது வழியா உள்ள வருவா?

நாய்க்கு ஏது அடைப்புன்னு கேப்பீங்க. அபியும் அதைத்தான் கேட்டா. எதிர்ல பிள்ளையார் கோயில் குருக்களும் சிரிச்சாரு. அது அப்புறம், எல்லாம் முடிஞ்சப்புறம் நான் போய்க் கேட்டப்போ. "மனுஷாளுக்குத்தான் சார் அதெல்லாம்"னாரு. சரி, மனுஷாளுக்குத்தான். ஆனா இவ பையன் பையன்னு சொல்லி வெச்சிருக்காளே. ஊருக்கே சொல்லி வெச்சிருக்கா. பையன்னா பையனுக்கு உண்டானது எல்லாம் உண்டுதானே? சோறு ஊட்டறப்போ பையன், அடைப்புன்னு வந்தா நாயா? இதை நான் அவகிட்டயே கேட்டேன்.

அவளுக்குப் போன் பண்ணி சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். ஆனா வளைகாப்பு வீட்டுக்கு இந்த சேதியை சொல்லுவாங்களா? சொன்னா அவ அப்படியே வளைகாப்பை விட்டுட்டுப் பஸ் ஏறி வந்துடுவா. சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க? அடுத்த அஞ்சு நாளும் அடைப்பு, அது முடியற வரைக்கும் அவனை இழுத்துக்கிட்டுக் கிடக்க விட முடியாது. நாலா பக்கமும் யோசிச்சுதான் செஞ்சேன். அவசரப்பட்டேன்னு யாரும் சொல்ல முடியாது.

டாக்டருக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமையே வாங்க, பன்னிரண்டுக்கு மேல வாங்கன்னேன். வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னிரண்டு ராகு காலம். "ஏன் சார், அம்மா முன்னாடியே வந்துடறாங்களா?"ன்னாரு. அவங்கதான் சொல்லச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை போட்டேன். இல்லன்னா அவர் வந்திருக்க மாட்டாரு.

காலையில நான் குளிச்சுட்டு, அவன் மூஞ்சியைத் துடைச்சு விட்டேன். கஞ்சி குடுத்துப் பார்த்தேன், எனக்கு அந்தப் பக்குவம் வரல, வழிஞ்சு புடவையெல்லாம் ஆயிடுச்சு. வேற புடவை போடலாம்னா எது நல்லது, எது பழசுன்னு எனக்குத் தெரியல. துண்டு போட்டேன்.

டாக்டரும் கூட ஒரு பையனும் வந்தாங்க. டாக்டர் தரையில சம்மணம் போட்டு உக்காந்தாரு. முன்னங்கால்ல கொஞ்சம் முடியை மழிச்சாரு. "சார், இப்படிப் பக்கத்துல உக்காருங்க, தலையை மடியில வெச்சுக்கோங்க"ன்னாரு. எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு, உக்கார முடியாமல்லாம் இல்ல. ஆனா அந்த நேரம் பார்த்து வாசல்ல டாக்டர் வண்டி வழியை மறிச்சு நிக்குது, எதிர் வீட்டுக்காரன் காரை எடுக்கணும்னா கத்துவான். போய்ப் பார்த்துட்டு வரேன்னு போனேன்.

எதிர் வீட்டுக்காரன் ஊர்லயே இல்ல. வாசல் கேட் பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தேன்.

உள்ள இருந்து டாக்டர் கூப்பிட்டாரு. "சார், வாசலையே பார்க்கறான் சார். யாரையோ தேடறான். ஒரு தடவை கூப்பிடுங்க." நான் வாசப்படியில இருந்தே "துரை"ன்னேன். அவ்ளோதான் வந்துச்சு. அவன் வாலு ஒரு தடவை தரையில தட்டுச்சு. டொப்புன்னு. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

எனக்கு அழுகையெல்லாம் வரலம்மா. இன்னிக்கு வரைக்கும் வரல. மரத்துப் போன கால்ல எறும்பு ஊர்ற மாதிரி ஒண்ணு, அவ்ளோதான். டாக்டர் கை கழுவறப்போ சோப்பு எங்கன்னு கேட்டாரு, எடுத்துக் குடுத்தேன். டீ சாப்பிடறீங்களான்னு கேட்டேன். அப்பத்தான் அம்சா போன் பண்ணினா. பின்னால நாதஸ்வரம், பொம்பளைங்க சிரிப்பு. "வளையல் போட்டாச்சுங்க, அபி அவ்ளோ அழகா இருக்கா. துரை என்ன பண்றான்?"னா. தூங்கறான்னேன். பொய் சொல்லல. டாக்டர் சொன்ன வார்த்தைதான் அது. "எழுப்பாதீங்க, தூங்கட்டும்"னு சொல்லிட்டு வெச்சுட்டா.

செம்பருத்திச் செடிகிட்ட புதைக்கணும்னு அவளுக்கு ஆசை. முன்னயே சொல்லியிருந்தா. பொண்ணு வர்ற வீட்ல, காம்பவுண்டுக்குள்ள அதெல்லாம் வேணாம், எரிச்சுடலாம்னு நான்தான் டாக்டர்கிட்ட சொல்லி உங்க கம்பெனி வண்டியை வரவெச்சேன். உங்க ஆளுங்க வெள்ளைத் துணி போட்டு, மரியாதையாத்தான் எடுத்துட்டுப் போனாங்க. கழுத்துல பெல்ட்டோடயே போயிட்டான். நான் ஹாலைப் பினாயில் போட்டுத் துடைச்சேன். சனிக்கிழமை இன்னொரு தடவை துடைச்சேன்.

ஞாயித்துக்கிழமை கால் டாக்ஸி வந்து நின்னுச்சு. அபி இறங்கினா, கை நிறைய வளையல், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அம்சா அவளுக்கு முன்னால ஓடி வந்தா, முட்டி வலி எங்க போச்சுன்னு தெரியல. கையில ஒரு தூக்கு. காலையில கிளம்பறப்போ உப்பு போடாத தயிர் சாதத்தைத் தனியா கரைச்சு எடுத்து அவனுக்குக் கொண்டு வந்திருந்தா. ஹால்ல வந்து நின்னா. தரையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

நான் எல்லாத்தையும் சொன்னேன். திருவோணம், அவிட்டம், ஹாலு, அபி உள்ள வர்ற வழி, வரிசையா சொன்னேன். கேட்டுக்கிட்டா. கடைசியில ஒண்ணு மட்டும் கேட்டா, "யார் மடியில?"

டாக்டர் ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டாருன்னேன்.

அவ தூக்கை எடுத்துட்டுப் போய் அடுப்படியில வெச்சா. எனக்கு சாப்பாடு போட்டா. ரசம் வெச்சா. அன்னிக்கும் மறுநாளும் எல்லாம் எப்பவும் போலத்தான். துணி காய வெச்சா, பாலுக்கு சொன்னா. நான் நெனச்சேன், சரி, புரிஞ்சுக்கிட்டா, பக்குவமா எடுத்துக்கிட்டான்னு. அபிதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா. "என் மேல பழியைப் போடாதீங்கப்பா, நானா நாள் பார்க்கச் சொன்னேன்?"னு ஒரு நாள் கத்தினா. மாசமா இருக்கறவளுக்குக் கோவம் வரும்தான்.

அந்த வாரக் கடைசியில மாப்பிள்ளை கார் எடுத்துட்டு வந்து நிக்கறாரு. அபிக்கு அங்க இருக்கற டாக்டரம்மாதான் சரிப்படுதாம், இங்க கொசுவாம். பிரசவம் அங்கயே வெச்சுக்கறாங்களாம். அதுகூட எனக்குப் பெரிசில்ல. இவளும் பொட்டியைக் கட்டினா பாருங்க, அதுதான் எனக்குப் புரியல. முதல் பிரசவத்துக்குப் பொண்ணைப் பெத்தவ சம்பந்தி வீட்ல போய் உக்கார்றதை நீங்க எங்கயாவது கேட்டிருக்கீங்களா? இத்தனைக்கும் இந்த வீட்ல ஒரு தோஷம் கிடையாது. அத்தனையும் பார்த்துப் பார்த்து சுத்தமா வெச்சிருக்கேன். எந்த ரூமையும் பூட்டல. வேணும்னா வாங்க, காட்டறேன். புது மெத்தை அப்படியே பிளாஸ்டிக் கவரோட கிடக்கு.

எப்ப வருவேன்னு கேட்டா, "பார்க்கலாம்"ங்கறா. அதுவும் அபி வாயால. நான் போன் பண்ணினா அபி எடுப்பா. அம்மா குளிக்கறாங்க, அம்மா மாடியில இருக்காங்க. எத்தனை தடவைதான் ஒரு மனுஷி குளிப்பா?

அதான் ஒரு யோசனை பண்ணினேன். சாம்பல் வந்துடுச்சு, நீ வந்துதான் பிரிக்கணும்னு சொன்னா வந்துடுவா. துரைக்காகவாவது வருவா. செம்பருத்திகிட்டயே போட்டுக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அதுக்குத்தான் நீங்க இன்னிக்கு வரேன்னதும் சரின்னேன்.

சொல்லுங்க. அப்ப இருந்து என்னமோ சொல்ல வர்றீங்க, நான்தான் விடல.

என்னது?

சாம்பல் இல்லையா? அப்ப பையில என்ன இருக்கு?

பெல்ட்டா.

சாம்பலை யார் வந்து வாங்கினது? அம்சாவா? எங்க அம்சாவா? மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி, கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பா. ஆமா. அவதான். எப்போ?

போன செவ்வாய்க்கிழமை.

டாக்டர்கிட்ட உங்க நம்பர் வாங்கியிருப்பா. குடியாத்தத்துல இருந்து தனியா வந்தாளா? அவளுக்கு இந்த ஊர்ல பஸ் நம்பர் கூடத் தெரியாதே, நான்தானே கூட்டிட்டுப் போவேன். திருமழிசை வரைக்கும் வந்துட்டு... அங்கேர்ந்து இங்க அரை மணி நேரம்மா. ஆட்டோ பிடிச்சா அரை மணி நேரம் கூட ஆகாது.

வாங்கிட்டு உடனே கிளம்பிட்டாளா?

உக்காந்திருந்தாளா. ரொம்ப நேரமா? உங்க கம்பெனி முற்றத்துத் தரையிலயா? யார் எழுப்பி விட்டாங்க? நீங்களா. நல்லாருங்கம்மா. கையை அழுத்திப் பிடிக்கணும், இல்லன்னா அவளுக்கு வலிக்கும்.

அழுதாளா?

சரி.

பெல்ட்டை மட்டும் என்கிட்ட குடுக்கச் சொன்னாளா? வேற ஏதாவது சொன்னாளா? இல்லியா. நான் எப்படி இருக்கேன்னு கேட்டாளா, சாப்பிடறேனா, அப்படி எதுவும்?

பரவாயில்ல. நீங்க என்ன பண்ணுவீங்க, கேக்காததை சொல்லவா முடியும். எங்க கையெழுத்து, இங்கயா? பெல்ட் கிடைச்சதுக்கா. போட்டாச்சு.

இருங்கம்மா, கிளம்பாதீங்க. ஒரு உதவி. அவ உங்ககிட்ட நம்பர் குடுத்திருப்பா இல்ல? உங்க போன்ல இருந்து ஒரு போன் போடுங்களேன். உங்க நம்பர்னா எடுப்பா. பெல்ட்டைக் குடுத்துட்டேன்னு சொல்லுங்க, அவ்ளோதான். நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்ல வேணாம். ஸ்பீக்கர்ல மட்டும் போடுங்க. அவ குரலைக் கேட்டு ஒரு மாசமாகப் போகுது.

போடுங்கம்மா. நான் வாயே திறக்க மாட்டேன்.